அண்ணன் வைத்த டைமிங்

டெல்கோவின் மூடியைக் கழற்றி மட்கார்டின் மேல் வைத்துவிட்டு அண்ணன் சாயா குடிக்கப் போனார்.

எனக்கு அன்று வார லீவு. வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அண்ணனுடைய ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நின்றுகொண்டிருந்தேன். ஆரியசாலையில் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அதன் கடைசியில் தகரக் கூரை போட்ட இடம். கடைகளில் மிளகாய் வற்றல் மூட்டை இறக்குகிற நாளில் எங்களுக்குத் தும்மல் நிற்காது. அன்றும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் பெய்த மழையில் நெடி மேலே போகாமல் தரையோடு நின்றது.

கூரைக்குக் கீழே ஒரு பழைய வெள்ளை அம்பாசிடர் பானட்டைத் திறந்தபடி நின்றது. பெட்ரோல் எஞ்சின். கரமனையில் அக்ரஹாரத் தெருவில் இருக்கும் ஒருவருடைய வண்டி. அரசாங்க ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஒர்க்‌ஷாப்பில் எங்களுக்கு அவர் 'கரமனை சார்'. மறுநாள் ஆர்.டி.ஓ. டெஸ்ட்டுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் பழைய இரும்புக்குத்தான் போகும். அதனால் அவரும் காலையிலேயே வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"தாணு கை வச்சுட்டானோல்லியோ, இனி நேக்குக் கவலை இல்லை," என்றார், பேப்பரை இறக்காமலே.

தாணு என் அண்ணன்.

அண்ணனைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். நாஞ்சில் நாட்டிலிருந்து பத்து வயதில் இந்த மலையாள ஊருக்கு வேலைக்கு வந்தவர். மூன்றாம் வகுப்போடு நின்றவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அப்பா இல்லாத வீட்டில் என்னைப் படிக்க வைத்தவர். இப்போது ஒரு பிளாட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறார் என்றும் எழுதினேன். அவ்வளவு நல்ல மெக்கானிக் ஏன் செக்யூரிட்டி வேலைக்குப் போனார் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'ஒரு விபத்தில் கை போயிற்று' என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தேன்.

அந்த ஒரு வரியைத்தான் இந்த வாரம் விரித்து எழுத வேண்டியிருக்கிறது.

காகிதமும் அட்டையும்

பழைய பெட்ரோல் எஞ்சினைத் திறந்து பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியைப் பற்ற வைக்க ஒரு பொறி வேண்டும். பிஸ்டன் மேலே ஏறி உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அது விழ வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதுதான் டைமிங். அந்தப் பொறியை நாலு சிலிண்டருக்கும் முறை வைத்துப் பங்கிடுகிற உருளைக்குப் புத்தகத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று பெயர். எங்கள் ஆட்கள் வாயில் அது டெல்கோ. அதன் மூடிக்குக் கீழே, பயறு அளவில் இரண்டு உலோகப் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் வேலை செய்யும். அதுதான் பாயிண்ட். அவை விலகுகிற கணத்தில் பொறி பிறக்கிறது.

ஆக இரண்டு வேலை. பாயிண்ட் எவ்வளவு விலகலாம் என்று முதலில் இடைவெளி வைக்க வேண்டும். பிறகு, எந்தக் கணத்தில் விலக வேண்டும் என்று டெல்கோவை அப்படியே திருப்பி டைமிங் வைக்க வேண்டும்.

இடைவெளிக்கு அண்ணனிடம் ஓர் அட்டைத் துண்டு உண்டு. யாருடைய கல்யாணப் பத்திரிகையிலிருந்தோ நறுக்கியது. ஒரு மூலையில் தங்க நிறத்தில் பிள்ளையாரின் தும்பிக்கை மட்டும் மிச்சமிருக்கும். அது லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. டைமிங்குக்கு சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கும் மெல்லிய காகிதம். அதைப் பாயிண்டுகளுக்கு நடுவில் கவ்வக் கொடுத்து, ஒரு கையால் மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டெல்கோவைத் திருப்புவார். பாயிண்ட் வாய் திறக்கும் கணத்தில் காகிதம் வழுகும். அங்கேயே நிறுத்தி இறுக்கிவிடுவார்.

காகிதத்தை இழுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு தடவை கேட்டேன்.

"ஏம்ணே கண்ண மூடுதிய?"

"தொறந்தா உம் மூஞ்சியாக்கும் தெரியுது. பொறவு எப்படிலே டைமிங் நிக்கும்?"

அன்று காலையில் கரமனை சாரின் வண்டிக்கு இரண்டையும் முடித்திருந்தார். ஏற்றத்தில் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது என்று சார் சொல்லியிருந்ததால், டைமிங்கை எப்போதும் வைப்பதைவிட ஒரு பொட்டு முன்னால் வைத்திருந்தார். அதற்கு மேல் முன்னால் போனால் ஆபத்து என்கிற ஓரத்தில். மூடியின் உள்ளே மழை ஈரம் இருந்தது. அது காயட்டும் என்றுதான் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு மார்க் கேள்வி

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமா. ஒரு கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை. அங்கே டெல்கோ என்று ஒன்று கிடையாது. இப்போதைய வண்டிகளில் டைமிங்கைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். நாங்கள் லேப்டாப்பைச் செருகி, திரையில் வருகிற நம்பரைப் பார்த்து, தலையாட்டுவோம். யூனிபாரத்தில் ஒரு சொட்டு கிரீஸ் இருந்தால் மேனேஜர் முகம் சுளிப்பார்.

ஆனால் அன்று என் சட்டைப் பையில் ஒரு புது ஃபீலர் கேஜ் இருந்தது. மெல்லிய எஃகுத் தகடுகள் விசிறி மாதிரி விரியும். ஒவ்வொன்றிலும் அதன் கனம் பொறித்திருக்கும். இடைவெளி அளக்கிற சாமான். சம்பளம் வாங்கிய கையோடு வாங்கியது. சர்வீஸ் சென்டரில் அதற்கு வேலையே இல்லை என்று தெரிந்தும் வாங்கினேன். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு ரிப்பேர் மேனுவலும் எடுத்து வைத்திருந்தேன். இந்த எஞ்சினுக்குப் பாயிண்ட் இடைவெளி பதினைந்து தௌ என்று அதில் இருந்தது. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு தௌ.

அண்ணன் சந்து முனையைத் தாண்டியதும், எஞ்சினைக் கையால் சுற்றுகிற ஹாண்டிலை மெல்லத் திருப்பி, பாயிண்ட் முழுக்க விலகி நிற்கிற இடத்துக்குக் கொண்டுவந்தேன். பதினைந்து தகட்டை நுழைத்தேன். போகவில்லை. பத்து போயிற்று.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். இருபத்தைந்து வருடமாக வேலை செய்கிற மனிதரிடம் ஒரு தப்பைக் கண்டுபிடித்த சந்தோஷம். ஸ்க்ரூவைத் தளர்த்தி, பாயிண்டை நகர்த்தி, பதினைந்து தகடு உரசுகிற அளவுக்கு வைத்து இறுக்கினேன். அரை நிமிட வேலை. ஐந்து தௌ என்பது இரண்டு தலைமயிரின் கனம்கூட இருக்காது. கரமனை சாரின் முகத்தைப் பேப்பர் மறைத்திருந்தது. மூடியைத் துடைத்து மாட்டி கிளிப் போட்டேன்.

டிப்ளமா இரண்டாம் வருடத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கை மறுபடியும் பார்க்க வேண்டும், ஏன்? இரண்டு மார்க். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்கூட்டியே திறக்கும், பொறி முன்னால் விழும் என்று எழுதினேன். இரண்டுக்கு இரண்டு போட்டிருந்தார்கள்.

அது அப்போது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்கே பல நாள் நம்ப முடியவில்லை. விடைத்தாளில் எழுதியது விடைத்தாளோடு நின்றுவிட்டது. அண்ணனுடைய மெல்லிய இடைவெளியும் அவர் வைத்த டைமிங்கும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றவை. ஒன்றை நகர்த்திவிட்டு மற்றதை நான் பார்க்கவே இல்லை.

அண்ணன் வந்தார். மீசையில் சாயா ஆடை.

"மூடிட்டியா?"

"ஆமாண்ணே. தொடச்சு மூடிட்டேன்."

"ஈரம் இல்லியே?"

"இல்லண்ணே."

பாயிண்டைப் பற்றி அப்போது சொல்லவில்லை. வண்டி ஓடிய பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன். 'அண்ணே, இப்ப பதினஞ்சு தௌ வச்சிருக்கு, வித்தியாசம் தெரியுதா' என்று கேட்க வேண்டும், அவர் ஆச்சரியப்பட வேண்டும். அந்த ஆசைதான்.

முழுச் சுற்று

ஸ்டார்ட்டர் மோட்டார் வைண்டிங் கடைக்குப் போயிருந்தது. அதனால் ஹாண்டில் போட வேண்டும். பம்பருக்கு நடுவில் இருக்கும் ஓட்டை வழியாக வளைந்த இரும்புக் கம்பியைச் செருகி, கையால் எஞ்சினைச் சுற்றுவது.

இதில் அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவருக்கு மட்டுமில்லை, அந்தக் காலத்து எஞ்சினோடு பழகிய எல்லோருக்கும் ஏறத்தாழ இதே பழக்கம்தான். வேறு யாராவது டைமிங் வைத்த வண்டி என்றால், பெருவிரலைக் கம்பியின் மேல் சுற்ற மாட்டார். மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்வார். கீழிருந்து மேலே கால் சுற்று மட்டும் சடக்கென்று இழுப்பார், உடனே விட்டுவிடுவார். பொறி சீக்கிரம் விழுந்துவிட்டால் பிஸ்டன் உச்சிக்குப் போகாமல் பின்னால் உதைக்கும். ஊஞ்சல் வந்து சேருமுன் எதிரே நின்று தள்ளினால் கை என்ன ஆகும்? அதே கதைதான். இங்கே கையில் இருப்பது இரும்பு.

தானே டைமிங் வைத்த வண்டி என்றால் அந்தப் பயம் எதுவும் கிடையாது. பெருவிரலைச் சுற்றிப் பிடிப்பார். முழுச் சுற்று, மேலே இழுத்து, கீழே அமுக்கி, மறுபடி மேலே. கிணற்றில் தண்ணீர் இறைப்பவர் மாதிரி நிற்காமல் சுற்றுவார். குளிர்ந்து கிடக்கிற எஞ்சின் அப்படிச் சுற்றினால்தான் சீக்கிரம் பிடிக்கும்.

"சாவியப் போடு," என்றார் என்னிடம். போட்டேன்.

அவர் குனிந்து கம்பியைப் பிடித்தார். பெருவிரலைச் சுற்றித்தான் பிடித்தார். அதைப் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை எனக்கு.

முதல் சுற்றில் எஞ்சின் இருமியது. இரண்டாவது சுற்றில் அவர் கீழே அமுக்கிக்கொண்டிருக்கும்போது கம்பி எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. கண்ணால் பார்த்த நினைவு இல்லை. சத்தம்தான் நினைவில் இருக்கிறது. காய்ந்த மட்டையை முழங்காலில் வைத்து முறிப்பது போல, சின்னதாக.

அண்ணன் கத்தவில்லை.

"ஆஃப் பண்ணு," என்றார். "சாவிய ஆஃப் பண்ணுலே."

பண்ணினேன். அவர் பம்பரில் உட்கார்ந்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தார், வேறு யாருடைய பொருளையோ ஏந்தி வைத்திருப்பது போல. மணிக்கட்டுக்கு மேல் ஒரு வளைவு வந்திருந்தது. உள்ளங்கை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

கரமனை சார் பேப்பரைப் போட்டுவிட்டு ஆட்டோ கூப்பிட ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

வராந்தா

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த பிறகு வராந்தாவில் காத்திருக்கச் சொன்னார்கள். டெட்டாலும் ஈரக் குடையும் மணக்கிற வராந்தா. மதினிக்கு, அண்ணன் மனைவிக்கு, போன் பண்ணினேன். வருகிறேன் என்றாள்.

அண்ணன் சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். உதடு அசைந்தது.

"காகிதம் வழுகினது எனக்குத் தெரிஞ்சுதே."

நான் தரையில் குடை விட்ட ஈரத் தடத்தைப் பார்த்தேன்.

"வழுகின எடத்துலதான் முறுக்குனேன். முறுக்கும்போ டெல்கோ திரும்பிருக்குமோ?" கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நீ பக்கத்துல நின்னேல்லா? திரும்பிச்சா?"

"தெரியலண்ணே."

"எங்கயோ பிழைச்சுப் போச்சு," என்றார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்தார், இடது கையில்.

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்கு அமைந்திருக்காது. பக்கத்தில் தெரிந்தவர் யாரும் இல்லை. டாக்டர் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. வாயைத் திறந்தேன். அப்போது வராந்தாக் கோடியில் மதினி வந்துகொண்டிருந்தாள். சேலை முந்தானையில் மாவு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

தள்ளி எடுத்த வண்டி

அடுத்ததாக நான் செய்ததுதான் இந்த அத்தியாயத்தை எழுதவிடாமல் இத்தனை வாரம் என்னைத் தடுத்தது.

மதினியை அண்ணனோடு விட்டுவிட்டு மத்தியானம் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினேன். கரமனை சார் அங்கேயே இருந்தார். மறுநாள் டெஸ்ட். அவருக்குக் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"தம்பி, தப்பா எடுத்துக்காதே. வண்டியை என்ன பண்றது?"

"பாக்கேன் சார்."

மூடியைத் திறந்தேன். அண்ணனுடைய அட்டைத் துண்டு டூல்ஸ் தட்டில்தான் கிடந்தது. ஸ்க்ரூவைத் தளர்த்தி, பாயிண்டை அந்த அட்டை உரசுகிற அளவுக்குத் திரும்பவும் நெருக்கினேன். டெல்கோவை நான் திருப்பவே இல்லை. அண்ணன் இறுக்கிய இடத்தில் அது அப்படியே இருந்தது. சந்து முனையில் நின்ற ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். "தாணு அண்ணன்ற கை ஒடிஞ்ஞு இல்லே?" என்று கேட்டுக்கொண்டே வண்டியைத் தள்ளினார்கள். சரிவில் இறங்கும்போது இரண்டாம் கியரில் கிளட்சை விட்டேன். பிடித்துக்கொண்டது.

அவ்வளவு அமைதியாக அந்த வண்டி ஓடி நான் கேட்டதில்லை. ஏற்றத்தில் முனகாமல் ஏறியது. மறுநாள் டெஸ்ட்டிலும் தேறியது.

வண்டிக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டிக்காக மட்டும் என்றால், இடைவெளியை அப்படியே விட்டு டைமிங்கைப் பின்னால் தள்ளியிருக்கலாமே. புத்தகத்தில் அந்த வழிதான் இருந்தது. நான் பழைய நிலைக்குக் கொண்டுபோனது, அண்ணன் திரும்பி வந்து மூடியைத் திறந்தால் அவர் விட்டுப் போனபடியே இருக்க வேண்டும் என்பதற்காக. நான் தொட்ட அடையாளம் இருக்கக் கூடாது என்பதற்காக.

சாயங்காலம் வார்டில் அண்ணன் கேட்டார். கையில் முழங்கை வரை மாவுக்கட்டு.

"வண்டிய எப்படிலே எடுத்த?"

"தள்ளி எடுத்தேன்."

"டெல்கோவத் தொட்டியா?"

"இல்லண்ணே."

"ஏத்தத்துல சத்தம் உண்டா?"

"இல்ல. நல்லா ஏறிச்சு."

அண்ணன் கொஞ்ச நேரம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். டைமிங் கெட்டிருந்தால் வண்டி ஏற்றத்தில் சத்தம் போட வேண்டும். யாரும் தொடவில்லை. வண்டி சத்தமும் போடவில்லை. அவருக்கு வேறு என்ன மிச்சமிருக்கிறது?

"அப்ப வண்டி நல்லாத்தான் இருந்திருக்கு," என்றார். "கைக்குத்தான் தெரியாமப் போச்சு."

நாலு தரம்

பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடியது. மணிக்கட்டு முழுக்க மடங்காது, கனமான ஸ்பானரை இறுக்க முடியாது, சின்ன வேலைகள் செய்யலாம் என்றார் டாக்டர். சின்ன வேலைகள் என்றால் பாயிண்ட் வைப்பதுதானே. அதற்கு வலு வேண்டாம்.

அதனால் அண்ணன் திரும்பி வந்தார். அப்படியே படுத்துவிடவில்லை அவர். கனமான வேலைக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு, தான் எஞ்சின் மட்டும் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

முதலில் வந்தது ஒரு ஜீப். நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். அட்டை வைத்தார். காகிதம் வைத்தார். கண்ணை மூடினார். காகிதம் வழுகியது. இறுக்கினார். பிறகு மறுபடியும் காகிதம் வைத்தார். அதே இடத்தில் வழுகியது. மூடியைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார், மறுபடியும் காகிதம். நாலு தரம். நாலு தரமும் ஒரே இடம். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது.

"லேய், நீ ஒரு மட்டம் பாரு."

ஒரு தடவை நீ பார் என்று அண்ணன் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. பார்த்தேன். சரியாக இருந்தது.

"சரியா இருக்குண்ணே."

"உறப்பா சொல்லுதியா?"

"உறப்பாத்தான்."

அவர் மூடியைப் போடவில்லை. காகிதத்தைச் சுருட்டிப் போட்டுவிட்டு, ஜீப்காரரிடம் போய் மலையாளத்தில் மெல்லச் சொன்னார், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அந்த ஆளுக்குக் கோபம். "பின்னே எந்தினா சேட்டா ராவிலே முதல் நிறுத்தியது?" காலையிலிருந்து எதற்கு நிறுத்தி வைத்தீர்கள் என்று. அண்ணன் குனிந்து டூல்ஸைத் தட்டில் அடுக்கினார். அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

அப்போதும் நான் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றேன். சொல்லியிருந்தால் அவர் அந்த மூடியைப் போட்டிருப்பார்.

ஒரு மாதத்தில் தகரக் கூரை வேறு ஆளுக்குப் போயிற்று. அண்ணன் நீல யூனிபாரம் போட்டுக்கொண்டார்.

கேட்

இந்தத் தொடர் வருகிற இதழை மதினி தவறாமல் வாங்குகிறாள். அவள் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அண்ணன் ஷேவ் பண்ணிக்கொண்டே கேட்பார். நடுநடுவே "பொய்யாக்கும் எழுதியிருக்கான், அன்னைக்கு மீன்கறி கிடையாது, ரசமாக்கும்" என்று திருத்துவாராம். மதினி போனில் சொல்லிச் சிரிப்பாள். என்றாவது அந்த நாளுக்கு நான் வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். மதினி வாசித்து அவர் அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதும் தெரியும்.

போன வாரம் ஒரு மத்தியானம் போனேன். கரமனை ஆற்றுப் பக்கம் இருக்கிறது அந்த பிளாட். கேட்டுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நிழலில். அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"என்னலே, லீவா? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். அண்ணே, கரமனை சார் வண்டி…"

"ஏன், அவிய வித்துட்டாவளா?"

"இல்ல. அன்னைக்கு நீங்க சாயா குடிக்கப் போனப்ப பாயிண்ட நான் தொட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. புரியாமல் சிரித்த முகமாகவே இருந்தார். நான் நிறுத்தாமல் சொன்னேன். கேஜ், பதினைந்து தௌ, டைமிங் பார்க்காதது, மத்தியானம் திரும்பி வந்து அட்டையை வைத்து நெருக்கியது, வார்டில் சொன்ன பொய். சொல்லி முடிக்கிறபோது ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. அண்ணன் போய் இடது கையால் கேட்டைத் திறந்தார். கார் உள்ளே போனது. இடது கையால் சல்யூட் வைத்தார். கேட்டை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் வச்சது?" என்றார்.

"சரியாத்தான் இருந்துச்சு."

"காகிதம் வழுகின எடம்?"

"சரிண்ணே."

"ஒரு பொட்டு முன்னால வச்சேன். அது?"

"அதுவும் சரி. அதுலதான் டெஸ்ட் தேறிச்சு."

வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களை மடக்கினார். முக்கால்வாசி மடங்கின.

"அப்ப அந்த ஜீப்பு," என்றார். "அத நான் மூடியிருக்கலாம்."

நான் தலையசைத்தேன்.

"நாலு மட்டம் பாத்தேன்லே. நாலு மட்டமும் ஒரே எடத்துல வழுகிச்சு. என் கை என்னைய ஏமாத்துதுன்னு நெனச்சேன்."

"மன்னிச்சிருங்கண்ணே."

அதைக் கேட்டதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. தெருவில் போகிற ஒரு பஸ்ஸைப் பார்த்தார்.

"எழுதப் போறியா?"

"எழுதணும்ணே. நீங்க வேண்டாம்னா…"

"எழுது. மதினிகிட்ட நான் சொல்லிக்கிடுவேன்." எழுந்து நின்று தொப்பியைச் சரி செய்தார். "கைய ஒடிச்சத எழுது, பொய் சொன்னத எழுது, என்ன வேணும்னாலும் எழுது. நான் வச்சது சரின்னு எழுது. ஆரியசாலையில ஒருத்தனாவது அதப் படிக்கட்டு."

பிறகு கேட்டைக் கொஞ்சமாகத் திறந்து, நான் போவதற்கு வழி விட்டு நின்றார்.

"இங்க இனி வராத, கேட்டியா. வீட்டுக்கு வேணும்னா வா. மதினி இருப்பா."

வீட்டுக்கு நான் இன்னும் போகவில்லை.

மதினி, இதை நீங்கள் வாசிக்கும்போது அண்ணன் பாதியில் எழுந்து போய்விடலாம். போனாலும் பரவாயில்லை. அவர் காதில் விழும்படி இந்த ஓர் இடத்தை மட்டும் உரக்க வாசியுங்கள். அந்த வண்டிக்கு அண்ணன் வைத்த டைமிங் சரி. தொட்டது நான்.